இருக்கிற சமதளத்தை விட்டுவிட்டு எங்கே போகப் போகிறோம்?

நம் கால்பந்து கிளப்பின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் நீங்கள் புரொஜெக்டரில் காட்டிய புது ஸ்டேடியப் படத்தை நானும் பார்த்தேன். பச்சைப் பசேலென்று டர்ஃப், நாலு மூலையிலும் விளக்குக் கம்பம், கண்ணாடி போட்ட ஆபீஸ், 200 கார் நிற்கும் பார்க்கிங். பின்னால் ஒரு மலை. அந்த மலை உச்சி வெள்ளை வெளேரென்று பனி மூடிக் கிடந்தது. நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி விழும். வெயில் ஏறினால் காணாமல் போகும். படம் வரைந்தவர் நம் மலையை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது. அதை அங்கேயே சொல்லியிருப்பேன், டீ வந்துவிட்டது.

விஷயம் தெரியாத உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பழைய மைதானத்தில் கேலரி இற்றுப் போய்விட்டது, மழைக்கு ஒரு பக்க கோல் ஏரியாவில் தண்ணீர் நிற்கிறது, டிரெஸ்ஸிங் ரூம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இதைச் சரி செய்வது ஒரு வழி. ஊருக்கு வெளியே, தேயிலைத் தோட்டத்து ஓரமாக ஸ்பான்சர் ஒருவர் இலவசமாகத் தருவதாகச் சொல்லும் இடத்துக்குப் போய்ப் புது ஸ்டேடியம் கட்டுவது இன்னொரு வழி. இரண்டாவதற்குச் சம்மதித்தால், பஜாருக்குப் பக்கத்தில் இருக்கிற இப்போதைய இடத்தை அவர் 'டெவலப்' செய்துகொள்வார். என்ன டெவலப் என்று கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

நான் போகக்கூடாது என்ற கட்சி. அன்றைக்கு எதிர்த்துப் பேசியவர்கள் எல்லோரும் தாத்தா விளையாடிய இடம், அப்பா கோல் அடித்த இடம் என்று பேசினார்கள். நீங்களும் "உணர்ச்சிவசப்படாதீங்க, கணக்கைப் பாருங்க" என்று கூட்டத்தை முடித்தீர்கள். சரி, கணக்கையே பார்ப்போம்.

சர்வதேச அளவில் மைதானம் என்றால் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதைத்தான் போடப்போவதாகச் செயலாளர் சொன்னார். தருவதாகச் சொல்லும் இடத்தைப் போய்ப் பார்த்தேன். கண் மதிப்பில் நாலடிக்கு ஓரடி இறங்குகிறது; நம் பக்கத்தில் இதெல்லாம் பெரிய சரிவே கிடையாது. மைதானத்தின் நீளத்தைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொள்வோம், அதுதான் இருப்பதில் சுலபம். அப்படி வைத்தாலும் மேல் பக்கக் கோட்டுக்கும் (டச்லைன்) கீழ்ப் பக்கக் கோட்டுக்கும் உயர வித்தியாசம் 17 மீட்டர் வருகிறது. சமமாக்க வேண்டுமென்றால் மேல் பக்கம் எட்டரை மீட்டர் வெட்ட வேண்டும்; வெட்டிய மண்ணைக் கீழ்ப் பக்கம் எட்டரை மீட்டர் நிரப்ப வேண்டும். வெட்டுகிற மண் மட்டும் 15,000 கன மீட்டருக்கு மேல். இது வெறும் ஆடுகளத்துக்கு. கோட்டுக்கு வெளியே லைன்ஸ்மேன் ஓட இடம், கேலரி, ரோடு, அந்த 200 கார் எல்லாம் இதில் சேரவில்லை.

1993-இல் வந்த மலைப்பகுதிக் கட்டட விதிகளின்படி நம் ஊர்களில் கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது. வீடு கட்டிய எல்லோருக்கும் இது தெரியும். மாடி எடுக்க அலைந்தவர்கள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். நாம் வெட்டி நிறுத்தப்போகும் மண் சுவர் அதைவிட உயரம். ஒரு பக்கம் வெட்டின சுவர், மறு பக்கம் கொட்டின மண், நடுவில் பசங்கள்.

2009 நவம்பரைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் எங்கெங்கே சரிந்தது என்று எண்ண முடியவில்லை. 40 பேருக்கு மேல் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. மலையைக் குடைந்து ரோடும் வீடும் போட்ட இடங்களில் மண் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு நம் மாவட்டத்தில் தனியாக ஆராய்ச்சி வேண்டியதில்லை. வெட்டிய பக்கம் பிடிமானம் போகிறது. நிரப்பிய பக்கம் மண் இறுகாமல் தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது. மழைத்தண்ணீர் போகும் பழைய வழி மூடிப்போனால் அது தானாக ஒரு வழி பண்ணிக்கொள்ளும். அந்தத் தோட்டத்துச் சரிவுக்கு நேர் கீழே லயன் வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை நேராக அடிக்கிற பக்கம் அது. அங்கே குடியிருப்பவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா?

அனுமதி பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் ஸ்பான்சர் பார்த்துக்குவார்" என்றார் பொருளாளர். நம் மாவட்டத்தில் பொக்லைன் ஓட்டவே கலெக்டர் அனுமதி வேண்டும். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் என்று ஒன்று இருக்கிறது. கிளப் பெயரில் விண்ணப்பம், கிளப் பெயரில் மண் வெட்டு, நாளைக்கு வழக்கு வந்தால் அதுவும் கிளப் பெயரில்தான் வரும். ஸ்பான்சர் பெயர் ஜெர்சியில் மட்டும் இருக்கும்.

மலையில் சமதளம் எவ்வளவு அரிது என்பதை நாம் மறந்துபோகிறோம், தினமும் அதன் மேலேயே நடப்பதால். ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானமும் பஸ் ஸ்டாண்டும் இருக்கிற இடம் ஒரு காலத்தில் ஏரியின் பகுதி. ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டிய ஏரி இப்போது இருப்பதைவிட நீளமாக இருந்தது. அகலமான சமதளம் வேண்டுமென்றால் ஏரியை மூட வேண்டியிருந்த மாவட்டம் இது. அந்தப் பந்தய மைதானத்து 52 ஏக்கரை அரசு 2024-இல் திரும்ப எடுத்துக்கொண்டபோது மாநிலமே பேசியது. நம்மிடம் ஊர் நடுவில் ஒரு மைதானம் சமமாகவே கிடக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுச் சரிவை வாங்கிச் சமமாக்கப் போகிறோம்.

கூட்டத்தில் ஒருவர், "எவர்டனே கிளம்பிட்டாங்க, நாம எம்மாத்திரம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. எனக்கும் இங்கிலீஷ் லீக் பைத்தியம் உண்டு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து கிளப் எவர்டன். அது 1892-லிருந்து குடிசன் பார்க் மைதானத்தில் ஆடியது. அதற்கு முன் அவர்கள் ஆடிய இடம் எது தெரியுமா? ஆன்ஃபீல்ட். ஆமாம், இன்றைக்கு லிவர்பூலின் ஆன்ஃபீல்ட்தான். மைதானத்துக்காரரோடு வாடகைத் தகராறு வந்து எவர்டன் வெளியேறியது. காலியான மைதானத்தில் ஆட அவர் தொடங்கியதுதான் லிவர்பூல் கிளப். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அலட்சியம் பண்ணினால் எதிரி டீமே பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இரண்டு மைதானத்துக்கும் நடுவில் ஒரு பூங்கா, அவ்வளவுதான் தூரம். நூறு வருஷம் கழித்து இரண்டு கிளப்புக்கும் ஒரே பிரச்சினை வந்தது: சுற்றிலும் வரிசை வீடுகள், விரிக்க இடமில்லை, வருமானம் போதவில்லை.

லிவர்பூல் பக்கத்துப் பூங்காவில் புது ஸ்டேடியம் கட்டப் பல வருஷம் திட்டம் போட்டது. 2012-இல் அதைக் கைவிட்டு, இருக்கிற இடத்திலேயே கட்ட முடிவெடுத்தது. 2016-இல் மெயின் ஸ்டாண்டை உயர்த்தினார்கள். அடுத்து ஆன்ஃபீல்ட் ரோடு பக்க ஸ்டாண்ட். பாதி வேலையில் 2023-இல் ஒப்பந்ததாரர் நிறுவனம் திவாலானது, வேலை இழுத்தது, ஆனாலும் முடித்தார்கள். இப்போது 61,000 பேர் உட்காரலாம். அந்த வேலை நடந்த சீசன்களில் லிவர்பூல் வேறு ஊருக்குப் போய் ஆடவில்லை. ஒரு ஸ்டாண்டைக் கட்டும்போது மற்ற மூன்று ஸ்டாண்டிலும் ஆள் இருந்தார்கள். நமக்கு வேண்டிய பாடம் அதுதான். நல்ல பிள்ளைக் கதையாகவும் சொல்லிவிட முடியாது: சுற்றியிருந்த வீடுகளை வாங்கி வருஷக்கணக்காகப் பூட்டிப் போட்டதில் அந்தத் தெருக்களே பாழாகின. அந்தக் கோபம் அங்கே இன்னும் இருக்கிறது.

எவர்டன் வேறு வழியில் போனது. கிங்ஸ் டாக் என்ற இடத்தில் முயன்று 2003-இல் கைவிட்டார்கள். நகரத்துக்கு வெளியே கிர்க்பியில் சூப்பர் மார்க்கெட்டோடு சேர்த்து ஒரு ஸ்டேடியம் என்றார்கள். 2009-இல் அரசு மறுத்துவிட்டது. ரசிகர்களிலேயே பலர் அதை எதிர்த்தார்கள், ஊரை விட்டு வெளியே போகிறோமே என்று. கடைசியில் ஆற்றங்கரைத் துறைமுகத்தில் 52,000 பேருக்கு மேல் அமரும் ஸ்டேடியம் கட்டி 2025-இல் குடிபுகுந்தார்கள். கவனியுங்கள்: ஊருக்கு வெளியே போகவில்லை, ஊருக்குள்ளேயேதான் நகர்ந்தார்கள். ஆனாலும் ஒரு விலை இருந்தது. 2021-இல் லிவர்பூல் துறைமுகத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து யுனெஸ்கோ நீக்கியது. சொன்ன காரணங்களில் அந்த ஸ்டேடியத் திட்டமும் ஒன்று. 2005-இல் நம் மலை ரயிலுக்குக் கிடைத்த அதே பட்டியல்.

எவர்டன் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இது: குடிசன் பார்க்கை இடித்து வீடு கட்டுவதுதான் முதல் யோசனை. கடைசி நேரத்தில் மாற்றிக்கொண்டார்கள். 2025 மே 18-இல் ஆண்கள் அணி அங்கே கடைசி மேட்ச் ஆடியது. அடுத்த சீசனிலிருந்து அது பெண்கள் அணியின் மைதானம். போனவர்களும் பழையதைக் கைவிடவில்லை. நம் பக்கத்து மலப்புரத்தையே பாருங்கள். ஊருக்குள் கோட்டப்படி மைதானம், ஊருக்கு வெளியே மஞ்சேரி பய்யநாடு ஸ்டேடியம். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி 2022-இல் இரண்டிலும் நடந்தது. பெரியதைக் கட்டியதற்காகச் சின்னதை விற்கவில்லை. கூடலூரிலிருந்து பைனல் பார்க்கப் போனவர்கள் நம் கிளப்பிலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். நமக்கும் எப்போதாவது பெரிய மேட்ச் நடத்த வாய்த்தால் ஊட்டியில் ஹெச்.ஏ.டி.பி. மைதானம் இருக்கிறது. ஒவ்வொரு ஊர் கிளப்பும் ஒரு ஸ்டேடியம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது?

இனி, நம் மைதானத்துக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பேசுவோம். சனி, ஞாயிறு மேட்ச்சுக்கு வருகிறவர்களைவிட, வாரநாள் சாயங்காலம் நாலரைக்கு வருகிறவர்கள்தான் எனக்கு முக்கியம். பள்ளிக்கூடம் விட்டு, பையை கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் குவித்துவிட்டு, ஷூ இருப்பவன் ஷூவோடும் இல்லாதவன் இல்லாமலும் இறங்குகிற கூட்டம். கீழ்ப் பக்கக் கம்பிவலையில் ஓட்டை இருப்பதால் பந்து அடிக்கடி தேயிலைக்குள் போகும். அடித்தவன்தான் எடுத்து வர வேண்டும் என்பது சட்டம். செடி நடுவில் இடுப்பளவு நனைந்து, பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வருவான், அதற்குள் இங்கே இன்னொரு பந்தில் ஆட்டம் தொடங்கியிருக்கும். மிஸ்ட் இறங்கினால் சென்டரில் நிற்பவனுக்கு கோல் தெரியாது. அப்போது கோச் விசில் ஊதி நிறுத்திவிட்டு எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்துத் தலை எண்ணுவார். தேயிலைக்குள் போனவன் திரும்பி வந்துவிட்டானா என்று பார்க்கத்தான்.

இந்தப் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள், இல்லையென்றால் பள்ளி பஸ் பாஸில் டவுனுக்கு வந்து இறங்குகிறார்கள். பெண்கள் டீம் நமக்கு உருவானதே மைதானம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான். மகளிருக்கான கட்டணமில்லா பஸ் 2024-இல் நம் மலைக்கும் வந்த பிறகு ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்கள்) வருகிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். பயிற்சி நடத்துகிறவர்களைக் கேளுங்கள். "ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்" என்று சொல்லித்தான் அம்மாக்கள் அனுப்புகிறார்கள். புது இடத்துக்குப் போகிற பஸ் எத்தனை? திரும்பி வருகிற பஸ் எத்தனை மணிக்கு? அந்த ரோட்டில் இருட்டினால் காட்டெருமை நிற்கும், சில நாள் கரடியும் வரும். கிளப் வேன் விடும் என்றீர்கள். வேனுக்கு டீசல் போடுகிற காசில் பழைய கேலரியையே பிரித்துக் கட்டலாம்.

200 கார் பார்க்கிங் விஷயம் இன்னும் வேடிக்கை. சீசன் நேரத்தில் நீலகிரிக்குள் வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றமே 2025-இல் எண்ணிக்கை வகுத்து இ-பாஸ் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கார் அதிகமானதற்காகக் கோர்ட் கவலைப்படுகிற மலையில், காரில்லாமல் நடந்து வரக்கூடிய மைதானத்தை மூடிவிட்டுக் காரில் மட்டுமே போகக்கூடிய மைதானத்தைக் கட்டுகிறோம். நம் மேட்ச் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் மேல் ரோட்டுக் கைப்பிடிச் சுவரில் ஓசியில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள். அவர்களைப் பொருளாளருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். எதிர் டீம் பெனால்டி அடிக்கப்போகும்போது சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

செயற்கை டர்ஃப் பற்றி ஒரு வார்த்தை. அதில் தூவுகிற ரப்பர் மணி மழையில் அடித்துக்கொண்டு ஓடையில் சேரும். இந்த மாதிரித் துகள்களின் விற்பனையை 2031-லிருந்து நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023-இலேயே விதி போட்டுவிட்டது. மாநிலம் முழுக்க 2019-இல் பிளாஸ்டிக் தடை வருவதற்கு வெகு முன்பே தடை போட்ட மாவட்டம் நம்முடையது. நம் மைதானத்துக் கிக்குயு புல் யாரும் நட்டுப் பராமரித்ததில்லை, மாடு மேய்ந்தும் போகவில்லை. அதற்கு வேண்டியது தண்ணீர் வடிய வழி மட்டும்தான்.

இவ்வளவு சொன்னதால் பழைய மைதானத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அந்தக் கேலரி ஆபத்து. இந்த விஷயத்தில் இடம் மாற்றச் சொல்கிறவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். இன்னும் சொல்லப்போனால் அவர்களைவிட எனக்குப் பயம் அதிகம்.

1985 மே 11, இங்கிலாந்தில் பிராட்ஃபர்ட் சிட்டி மைதானம். மரத்தால் ஆன பழைய ஸ்டாண்ட். பலகை இடுக்கு வழியாகக் கீழே பல வருஷக் குப்பை சேர்ந்திருந்தது. யாரோ அணைக்காமல் போட்ட தீக்குச்சியோ சிகரெட்டோ அதில் பற்றி, சில நிமிஷத்தில் ஸ்டாண்ட் முழுக்கப் பரவியது. பின்பக்கம் ஓடியவர்களுக்கு வாசல் பூட்டியிருந்தது. 56 பேர் இறந்தார்கள். அந்த ஸ்டாண்டின் கூரையை மாற்ற இரும்பு ஏற்கனவே வந்து கிடந்தது. சீசன் முடிந்ததும் வேலை தொடங்குவதாக இருந்தது. நம் கேலரிக்குக் கீழே போய் எட்டிப் பாருங்கள். கிழிந்த வலை, கோடு போடுகிற சுண்ணாம்பு மூட்டை, பழைய பேனர், யாரோ அடுப்புக்கு அடுக்கி வைத்திருக்கும் யூகலிப்டஸ் விறகு. மேலே உட்கார்ந்து பீடி பிடிக்கிறோம். பக்கத்தில் மலப்புரத்துப் பூங்கோட்டில் 2022 மார்ச்சில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) மேட்ச் நடக்கும்போது தற்காலிக கேலரி சரிந்து எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். நாமும் டோர்னமெண்ட் சமயத்தில் பாக்கு மரம் கட்டி அதே மாதிரிதான் கேலரி போடுகிறோம்.

பிராட்ஃபர்ட் அதற்கப்புறம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அதே இடத்தில் திருப்பிக் கட்டி 1986 டிசம்பரில் திறந்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் ஆடுகிறார்கள்.

அதனால் கேலரியை இந்த மழைக்கு முன்பே பிரித்துவிடுங்கள் என்பது என் கோரிக்கை. புதியது வரும்வரை கேலரி இல்லாமலே ஆடலாம். மேல் பக்கக் கரையில் படிப்படியாகக் கல் வைத்துக் கட்டினால் 500, 600 பேர் உட்காரலாம். சரிவு நமக்கு இயற்கையாகக் கொடுத்த கேலரி அது. கூரை மட்டும் இருக்காது. குடை பிடித்து மேட்ச் பார்ப்பது நமக்கென்ன புதிதா? தண்ணீர் நிற்கிற கோல் ஏரியாவுக்கு மைதானத்தின் ஓரம் முழுக்க ஒரு வாய்க்காலும், ஆடுகளத்துக்கு அடியில் ஜல்லி போட்டு ஓட்டைக் குழாயும் போதும். தோட்டத்தில் வேலை பார்த்த நம் பெரியவர்கள் ரோட்டோரம் போட்ட கல் வாய்க்கால்கள் இன்றைக்கும் அடைக்காமல் ஓடுகின்றன; புதிதாகக் கான்கிரீட்டில் போட்டவைதான் ஒவ்வொரு மழைக்கும் அடைக்கின்றன. பெண்களுக்கு உடை மாற்ற ஒரு அறை, தண்ணீர் வருகிற இரண்டு கழிப்பறை. இதைப் பல முறை கேட்டு அலுத்துவிட்டார்கள். அதைச் செய்ய ஸ்டேடியம் வர வேண்டுமா?

நிலப்பத்திர விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை. பழைய இடத்தை முதலில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், புது இடம் 18 மாதத்தில் தயாராகும், அதுவரை வேறு எங்காவது ஆடிக்கொள்ளலாம் என்பது ஸ்பான்சரின் நிபந்தனை என்று கேள்விப்படுகிறேன். அப்படி இருந்தால் தயவுசெய்து இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்பின் கதையைப் படியுங்கள். அவர்களுடைய கோல்ட்ஸ்டோன் மைதானத்தை நிர்வாகிகள் விற்றார்கள். போக இடமே தயாராக இல்லை. 1997-இல் காலி செய்தார்கள். இரண்டு வருஷம் 70 மைலுக்கு அப்பால் இன்னொரு கிளப்பின் மைதானத்தில் ஆடினார்கள். அப்புறம் ஊர் திரும்பி ஒரு ஓட்டப்பந்தய மைதானத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சொந்த ஸ்டேடியம் வந்தது 2011-இல். நடுவில் 14 வருஷம். பழைய மைதானம் இருந்த இடத்தில் கடைகள். நம் பஜாரில் இன்னும் ஒரு காம்ப்ளெக்ஸ் வேண்டுமா என்பதை வியாபாரிகள் சங்கத்தையே கேளுங்கள், பாதிக் கடை காலியாகக் கிடக்கும் காம்ப்ளெக்ஸ் ஏற்கனவே இரண்டு இருக்கிறது.

லண்டனின் செல்சி கிளப்பில் வேறு மாதிரி செய்தார்கள். ஆடுகளம் இருக்கும் நிலம் கிளப் முதலாளியிடம் இல்லை. ரசிகர்கள் பங்கு வாங்கி வைத்திருக்கும் தனி அமைப்பிடம் இருக்கிறது. அந்த இடத்தை விட்டுப் போனால் கிளப் தன் பெயரைக்கூட எடுத்துப் போக முடியாதபடி எழுதி வைத்திருக்கிறார்கள். 2011-இல் பெரும் பணக்கார முதலாளி அந்த நிலத்தைத் திரும்ப வாங்கப் பார்த்தார். 75 சதவீதம் வாக்கு வேண்டும், 61 சதவீதம்தான் கிடைத்தது. முடியவில்லை. நமக்குப் பங்குப் பத்திரமெல்லாம் வேண்டாம். பழைய மைதானத்தை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, மாற்றிக்கொள்ளவோ பொதுக்குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும் என்று பைலாவில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

கவுன்சிலர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். சார்ல்டன் என்ற லண்டன் கிளப் 1985-இல் 'தி வேலி' (The Valley) என்ற தன் மைதானத்தை விட்டு வெளியேறியது. திரும்பி வரும் திட்டத்தை உள்ளூர் கவுன்சில் தட்டிக் கழித்தது. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1990 உள்ளாட்சித் தேர்தலில் 'வேலி கட்சி' என்று ஒரு கட்சியே தொடங்கி நின்றார்கள். ஒரு சீட்டும் கிடைக்கவில்லை, ஆனால் 14,838 ஓட்டு விழுந்தது. 1992 டிசம்பரில் கிளப் வேலிக்குத் திரும்பியது. நான் மிரட்டவில்லை. நம் வார்டில் எத்தனை ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியும்.

ஸ்பான்சர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் கிடையாது. இரண்டு சீசனாக ஜெர்சியும் பந்தும் வாங்கிக் கொடுத்தார், நன்றி. உண்மையிலேயே கால்பந்துக்குச் செய்ய வேண்டும் என்று அவர் நினைத்தால், தோட்டத்து நிலத்தில் வெட்டு அதிகம் வேண்டாத ஓரத்தைப் பார்த்து ஃபைவ்ஸ் (அணிக்கு ஐந்து பேர்) ஆடுகிற அளவில் ஒரு சின்னக் களம் போட்டுத் தரட்டும். சுற்று வட்டார லயன் பிள்ளைகள் அங்கே ஆடுவார்கள், திறமை இருப்பவன் டவுன் மைதானத்துக்கு வருவான். அதற்குப் பதிலாக நம்மிடம் எதையும் எழுதிக் கேட்கக்கூடாது. சம்மதிப்பாரா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அவருக்கு வேண்டியது கால்பந்தா பஜார் நிலமா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன் எனக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் சில காகிதங்கள் வேண்டும். ஸ்பான்சர் அனுப்பிய கடிதத்தின் முழு நகல், படம் போட்ட அட்டைப் பக்கம் மட்டும் போதாது. புது நிலத்தின் பட்டா, அது யார் பெயரில் இருக்கிறது, கிளப் பெயருக்கு எந்தத் தேதியில் மாறும் என்ற விவரம். மண் பரிசோதனை செய்திருந்தால் அறிக்கை. செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று எழுத்தில். பழைய மைதானத்தைச் சரி செய்ய எவ்வளவு ஆகும் என்று பொதுப்பணித் துறையில் ரிடையரான பொறியாளர் யாரையாவது வைத்து ஒரு மதிப்பீடு. இதுவரை புது ஸ்டேடியத்துக்கு மட்டும்தான் மதிப்பீடு போட்டிருக்கிறோம். பழையதற்கு எவ்வளவு என்று யாரும் கணக்கே போடாமல் "கட்டுப்படியாகாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கேலரியைப் பிரிக்கும் வேலைக்கு வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாங்கள் சில பேர் வருகிறோம். கடப்பாரை, ஏணி எங்களிடம் இருக்கிறது. ஸ்டோர் ரூம் சாவியை மட்டும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் டீக்கடையில் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். பைலா திருத்தத்தைப் பொதுக்குழுவில் நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஆள் இருக்கிறது, மகளிர் அணி கேப்டன்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத ஆயுள் உறுப்பினர் ஒருவர்